ஓபராவும் முன்னுரைப் பேச்சும்

1. தோற்றுவாய்

மேலைநாட்டு நகரங்களில் ஓபரா ஒன்று மேடையேறுவதற்குச் சில நாட்கள் முன்னர், பொது நூலகத்திலோ ஊர்ப் பொதுமன்றத்திலோ ஒரு சிறு கூட்டம் கூடுவதுண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை. இசையறிந்த ஒருவர் கதையைக் கூறுவார். ஆக்கியோன் வரலாற்றை விளக்குவார். பியானோவின் துணையோடு இரண்டொரு பகுதிகளைப் பாடிக் காட்டச் செய்வார். அவையோர் வினவுவனவற்றிற்கு விடை பகர்வார். கூட்டம் ஒரு மணி நேர அளவில் முடியும். வந்தோருள் சிலர் ஓபராவுக்குச் செல்வர், சிலர் செல்லாதொழிவர்.

ஓபராவின் வரலாற்றை எழுதுவோர் இவ்வகைப் பேச்சுக்குப் பெரிதும் இடந்தருவதில்லை. அரங்கின் வாயிலுக்கு வெளியே நிகழ்வதாகலின் அஃது ஓபராவின் வரலாற்றைச் சார்ந்ததன்று எனக் கொள்வர் போலும். விளம்பரத்தின் ஒரு கூறு என ஒதுக்குவாரும் உளர். இசையை நேரே நுகர மாட்டாதார்க்கு நீட்டப்படும் ஊன்றுகோல் என எளிமையாக நோக்குவாரும் உளர். இக்கருத்துகள் பொருந்துவன அல்ல என்பதும், முன்னுரை ஓபராவின் பிறப்பிலேயே அதனுடன் பிறந்தது என்பதும், ஒருமுறை அத்தகைய பேச்சே ஓபரா ஒன்றிற்கு வித்தாகவும் அமைந்தது என்பதும் இக்கட்டுரையில் யாம் நிறுவ விழைவன.

சொல்லாட்சி பற்றி ஒன்று கூறி மேற்செல்வோம். ஓபரா என்பதனை இசைநாடகம் என மொழிபெயர்த்து வழங்கலாம். ஆயினும் நம் நாட்டில் இசைநாடகம் என்ற தொடர் வேறொரு மரபினை நினைவூட்டும் ஆதலின், மயக்கம் நேராவண்ணம் ஓபரா என்னும் சொல்லையே ஈண்டு ஆள்கின்றோம். முன்னுரைப் பேச்சின் இயல்பை அளந்தறிய நம் இலக்கணமரபு தரும் அளவுகோல் ஒன்றும் உண்டு. பாயிரம் அமையாத நூல் எத்துணை விரிந்ததாயினும் நூலெனப்படாது என்பது நன்னூலார் துணிபு. சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டுவனவாக எண்ணப்பட்டவற்றுள் நூலின் பெயர், ஆக்கியோன் பெயர், நுதலிய பொருள் ஆகியவற்றோடு கேட்போரும் பயனும் இடம்பெறுகின்றன. அதனை ஆக்கியோனே செய்தல் முறையன்று. ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, தகுதி வாய்ந்த உரைகாரனோ செய்தல் வேண்டும் என்பதும் விதி. மேலைநாட்டார் நம் இலக்கணத்தைக் கற்று அவ்வாறு செய்தனர் என்பது எம் கருத்தன்று. ஒரு படைப்பு கேட்போரை அடையுமுன் எத்தகைய வாயில் வேண்டும் என்னும் வினா இருமரபிற்கும் பொதுவாகலின், இவ்வளவுகோல் பயன்படும் என்பதே யாம் கூறுவது.

2. அரண்மனையும் பாடல்நூலும்

முழுமையாக இசைவடிவில் நமக்குக் கிடைக்கும் ஓபராக்களுள் மிகப் பழையது யாக்கொப்போ பேரி இசையமைத்த 'எயூரிதிச்சே'. 1600ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள் பிளாரன்சு நகரின் பிற்றி அரண்மனையில், மரியா தே மெதிச்சி பிரெஞ்சு மன்னர் நான்காம் ஆன்றியை மணந்த விழாவின்போது அது நிகழ்த்தப்பெற்றது. கதை தொடங்குமுன் 'துன்பியல்' என்பதே ஒரு பெண்வடிவில் மேடைக்கு வருகின்றது. தான் இதுகாறும் எழுப்பிய அழுகையையும் குருதியையும் விடுத்து, இன்று மென்மையான உணர்வுகளை எழுப்ப வந்துள்ளதாகப் பாடுகின்றது. ஈண்டு முன்னுரை வெளியிலிருந்து ஒட்டப்பட்டதன்று. பாட்டின் முதல் உறுப்பே அதுவாம்.

ஏழாண்டுகள் கழித்து, 1607 பிப்ரவரி 24ஆம் நாள், மாந்துவாவில் கிளாடியோ மொந்தெவெர்தியின் 'ஓர்ஃபெயோ' நிகழ்ந்தது. அதன் முகப்பில் 'இசை' என்னும் பாத்திரம் தோன்றித் தன் ஆற்றலைக் கூறி, ஓர்ஃபெயோவின் கதையைப் பாடவிருப்பதை அறிவித்து, பறவையும் காற்றும் அலையும் அமைதி காக்குமாறு வேண்டுகின்றது. அத்துடன் மற்றோர் ஏற்பாடும் செய்யப்பட்டது. பாடப்படுங்கால் அவையோர் ஒவ்வொருவரும் தொடர்ந்து படித்துவருமாறு நாடகப் பாடல் அச்சிடப்பட்டிருந்ததை இளவரசர் பிரான்செசுக்கோ கொன்சாகா முதல்நாள் எழுதிய மடலொன்றால் அறிகின்றோம். அன்று கூடியிருந்தோர் கற்றவர், கழகத்தைச் சார்ந்தவர், இத்தாலிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர், ஓர்ஃபெயோவின் தொன்மக்கதையை இளமையிலேயே ஓதியவர். அத்தகையோர்க்கும் ஏடு தேவைப்பட்டது. பாடப்படும் சொல் பேசப்படும் சொல்லினும் செவிக்கு அரிது. இசை நீட்டவும் மடக்கவும் சொல்லுருவம் சிதையும். எனவே முன்னுரை கல்லாதார்க்கு மட்டும் வேண்டுவது என்னும் கருத்து ஓபராவின் முதற் பத்தாண்டிலேயே பொய்த்துவிடுகின்றது.

1637இல் வெனிசு நகரின் சான் காசியானோ அரங்கில், பெனதெத்தோ ஃபெராரி பாட்டெழுத பிரான்செசுக்கோ மனெல்லி இசையமைத்த 'ஆந்திரோமெதா' நிகழ்ந்தது. பொருள் கொடுத்தார் எவரும் நுழையலாம் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று. அரண்மனையில் இளவரசர் வழங்கிய ஏடு இங்கே விலைப்பொருளாயிற்று. லிப்ரெத்தோ என்னும் சொல்லுக்குச் சிறுநூல் என்பதே பொருள். கையடக்கமான இந்நூலின் தொடக்கத்தில் 'ஆர்கொமெந்தோ' என்னும் கதைச்சுருக்கம் அமைவது வழக்கமாயிற்று. மெழுகுதிரி ஒளியில் இதனைப் படித்துக்கொண்டே கேட்டனர். மெழுகு சொட்டிய கறை படிந்த படிகள் அவ்வழக்கத்திற்குச் சான்றாகும். கதவு அகன்றபோது முன்னுரையும் மேடையிலிருந்து இறங்கி, கேட்போர் கைக்கு வந்தது என்பது கருதத்தக்கது.

3. பிறமொழி நாட்டில்

ஓபரா இத்தாலியைக் கடந்தபோது இடர்ப்பாடு இரட்டித்தது. 1711 பிப்ரவரி 24ஆம் நாள் இலண்டன் ஹேமார்க்கெட்டில் ஹேண்டலின் 'ரினால்டோ' மேடையேறியது. பாடல் இத்தாலியம்; அவையோர் ஆங்கிலேயர். விற்கப்பட்ட பாடல்நூலில் இத்தாலியமும் ஆங்கிலமும் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருந்தன. அடுத்த மாதமே ஜோசப் அடிசன் தம் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் இதனை எள்ளி எழுதினார். தம் நாட்டிலேயே அயலார் போல அமர்ந்து, அறியாத மொழியில் நாடகம் கேட்ட முன்னோரை எண்ணிப் பிற்காலத்தார் வியப்பர் என்பது அவர் கூற்றின் சாரம்.

அடிசனின் எள்ளலில் நகைச்சுவை மட்டுமன்றி நேர்மையான வினா ஒன்றும் உண்டு. கேட்போர் பொருளறியாமலே மகிழ்ந்தனர் எனில், அம்மகிழ்ச்சி எதனைப் பற்றியது? பாடகரின் குரலையா, மேடையின் அணியையா, தாமும் மேன்மக்களோடு அமர்ந்துள்ளோம் என்னும் பெருமிதத்தையா? முன்னுரைப் பேச்சின் பின்வரலாறு முழுதும் இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சி எனலாம்.

இசையைக் கொண்டே முன்னுரை செய்ய முயன்றோரும் இருந்தனர். குளூக் தம் 'அல்செசுத்தே' ஓபராவின் இசைப்பதிப்பை 1769இல் வெளியிட்டபோது அதற்கு எழுதிய முகவுரையில், திரை விலகுமுன் ஒலிக்கும் தொடக்க இசை, பின்வரும் நிகழ்ச்சியின் இயல்பைக் கேட்போர்க்கு முன்னுணர்த்தல் வேண்டும் என்றார். பாயிரத்தின் பணியைப் பல்லியத்திற்கே ஒப்படைத்தார் என்க. ஆயின் இசை மனநிலையை உணர்த்துமேயன்றி நுதலிய பொருளை உணர்த்தாது. அதனால் ஏடும் பேச்சும் ஒழிந்தில.

4. இருண்ட அரங்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் முன்னுரை மீண்டும் மாந்தர் குரலைப் பெறுகின்றது. ரிச்சர்டு வாக்னர் நாடு கடந்து சூரிச்சில் வாழ்ந்தபோது, 'நிபெலுங்கனின் மோதிரம்' என்னும் தம் நான்கு பகுதிக் காப்பியத்தின் பாட்டை முடித்து, 1853இல் ஐம்பது படிகள் மட்டும் அச்சிட்டார். அவ்வாண்டு பிப்ரவரியில் பௌர் ஓ லாக் விடுதியில் நான்கு மாலைகளில் அதனை அவையோர்க்குத் தாமே படித்துக் காட்டினார். அப்போது அதன் இசை எழுதப்படவில்லை. முழுமையும் மேடையேறியது 1876இல். ஓபரா பிறப்பதற்கு இருபத்துமூன்று ஆண்டுகள் முன்னரே அதன் முன்னுரை நிகழ்ந்துவிட்டது எனலாம். ஆக்கியோனே பாயிரம் செய்தல் முறையன்று என்ற நம் விதியை வாக்னர் அறியார், அறிந்திருந்தாலும் ஏற்றிரார்.

1876இல் பைராய்த்தில் அவர் கட்டிய அரங்கில் ஒரு பெருமாற்றம் நேர்ந்தது. நிகழ்ச்சியின்போது அவையின் விளக்குகள் தணிக்கப்பட்டன. கேட்போர் ஒருவரையொருவர் நோக்காது மேடையையே நோக்க வேண்டும் என்பது அவ்விருளின் கருத்து. ஆயின் அதே இருள் கையிலிருந்த ஏட்டையும் பறித்தது. இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, கேட்கும்போதே படித்து வந்தோர் இனி முன்னரே படித்து வருதல் வேண்டும். அவ்வாண்டிலேயே ஹான்ஸ் ஃபான் வோல்ட்சோகன் 'மோதிர'த்தின் இசைக்கருத்துகளை வரிசைப்படுத்தி விளக்கும் வழிகாட்டி நூலை வெளியிட்டமை தற்செயலன்று. அரங்கு இருண்டமையால் முன்னுரை அரங்கிற்கு வெளியே, நிகழ்ச்சிக்கு முந்திய நாட்களுக்குப் பெயர்ந்தது. இன்று நாம் காணும் முன்னுரைப் பேச்சின் வடிவிற்கு இதுவே ஒரு முதன்மையான காரணம் என யாம் கருதுகின்றோம்.

5. கட்டணமும் கல்வியும்

மற்றொரு காரணம் இலண்டனின் தென்கரையில் எளிய மக்களிடையே உருவாயிற்று. எம்மா கான்ஸ் என்னும் அம்மையார் 1880இல் அங்கிருந்த பழைய விக்டோரியா அரங்கை, மது விற்காத இசைமன்றமாகத் திறந்தார். உழைப்பாளர் குடும்பத்தோடு வந்து கேட்கத்தக்க நிகழ்ச்சிகளைத் தருதல் அவர் நோக்கம். 1882 முதல் அங்கே ஒரு பென்னி கட்டணத்தில் அறிவியற் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. அவற்றின் வளர்ச்சியே 1889இல் மார்லி கல்லூரியாக வடிவுற்றது. உழைக்கும் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் உரிய கல்லூரி அது. ஒரே கட்டடத்தில் ஒருபால் பாட்டும் ஒருபால் பாடமும் நடந்தன.

இச்சேர்க்கையின் பயனை 1911இல் காண்கின்றோம். குஸ்தாவ் ஹோல்ஸ்ட் மார்லி கல்லூரியின் இசைப்பொறுப்பை 1907 முதல் ஏற்றிருந்தார். ஹென்றி பர்செலின் 'தேவதை அரசி' என்னும் படைப்பின் இசைச்சுவடி நெடுங்காலம் காணாமற் போய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் மீண்டும் கிடைத்தது. பாடுதற்கும் வாசித்தற்கும் உரிய தனித்தனிப் பகுதிகளை மாலை வகுப்பு மாணவர்கள் கையாலேயே படியெடுத்தனர். பகலெல்லாம் உழைத்தோர் இரவிற் படியெடுத்த ஏடுகளைக் கொண்டு 1911 ஜூனில் அவ்விசை மீண்டும் ஒலித்தது. அடிசனின் வினாவிற்கு இதனினும் சிறந்த விடை இல்லை. பொருளறியாது அயலார் போல அமர்ந்திருந்த அவை, இங்கே சுவடியையே எழுதும் அவையாக மாறிற்று.

எம்மா கான்சின் மருகியார் லிலியன் பேலிஸ் 1912 முதல் அவ்வரங்கின் முழுப்பொறுப்பை ஏற்று, எளிய கட்டணத்தில் ஆங்கில மொழியில் ஓபரா நடத்தினார். 1931இல் நகரின் வடபால் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கையும் புதுப்பித்துத் திறந்தார். இவ்வரங்கே நாம் அடுத்து ஆராயப்போகும் ஓபராவின் களமாகும்.

6. பேச்சிலிருந்து பிறந்த ஓபரா

1941ஆம் ஆண்டில் இங்கிலாந்து போரில் சிக்கியிருந்தது. நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் ஜார்ஜ் கிராப் என்னும் பழைய கவிஞரைப் பற்றி வானொலியில் ஒரு பேச்சு நிகழ்த்தினார். கிராப் 1754இல் சஃபோக் கடற்கரையில் ஆல்டுபரோ என்னும் ஊரிற் பிறந்தவர்; மருத்துவம் பயின்று பின் சமயகுருவானவர்; 1810இல் 'பரோ' என்னும் நெடும்பாட்டில் அவ்வூர் மக்களைக் கடுமையாகவும் உண்மையாகவும் தீட்டியவர். ஃபார்ஸ்டரின் பேச்சு மே 29ஆம் நாள் 'லிசனர்' இதழில் அச்சாயிற்று. எவ்வித ஓபராவையும் எண்ணி நிகழ்த்தப்பட்டதன்று அது. வானொலி உடையார் எவரும் கேட்கத்தக்க பொதுப்பேச்சு.

அவ்விதழ் கலிபோர்னியாவில் இருந்த ஓர் இளைஞர் கையிற் கிடைத்தது. அவர் பெஞ்சமின் பிரிட்டன். அதே சஃபோக் கடற்கரையிற் பிறந்தவர். 1939 முதல் அமெரிக்காவில் தங்கியிருந்தவர். ஃபார்ஸ்டரின் கட்டுரையையும், பழைய நூற்கடையில் கிடைத்த கிராப்பின் பாட்டையும் படித்தபோது, தாம் எவ்விடத்தைச் சார்ந்தவர், தமக்கு எது குறைந்துள்ளது என்பன திடீரெனப் புலப்பட்டன என்று அவர் 1964இல் ஆஸ்பென் நகரில் ஆற்றிய உரையிற் குறிப்பிட்டார். 1942இல் அவர் தாயகம் திரும்பினார். செர்கே கூசெவித்ஸ்கியின் அறநிலையம் ஓபரா எழுதப் பொருளுதவி செய்தது. மாண்டேகு சிலேட்டர் பாடல்நூலை யாத்தார். 'பீட்டர் கிரைம்ஸ்' உருவாயிற்று.

1945 ஜூன் 7ஆம் நாள், ஐரோப்பாவில் போர் ஓய்ந்து ஒரு திங்கள் கழிந்த அளவில், சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் அது மேடையேறியது. குண்டுவீச்சால் வீடிழந்தோர்க்குப் புகலிடமாயிருந்த அரங்கு, இதனோடு மீண்டும் ஓபரா அரங்காயிற்று. ரெஜினால்டு குடால் இசைக்குழுவை நடத்த, பீட்டர் பியர்ஸ் கிரைம்சாகவும் ஜோன் கிராஸ் எல்லன் ஆர்ஃபர்டாகவும் பாடினர். மேடைப் பொறுப்பேற்ற எரிக் குரோசியர் கேட்போர்க்கென ஒரு சிறுநூலையும் தொகுத்து வெளியிட்டார். அதில் பிரிட்டன், சிலேட்டர் ஆகியோர் எழுதியவற்றோடு ஃபார்ஸ்டரின் கட்டுரையும் இடம்பெற்றது. ஓபராவிற்கு வித்தாகிய பேச்சே அதன் முன்னுரையாகவும் அமைந்த அருமையான நிலை இது. உடன் உழைத்தவரும் தகுதி வாய்ந்த உரைகாரரும் பாயிரம் செய்தனர் என நம் மரபிற் கூறலாம்.

வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 1948 ஜூனில் பிரிட்டனும் நண்பர்களும் ஆல்டுபரோவில் தொடங்கிய முதல் இசைவிழாவில் ஃபார்ஸ்டர் 'கிராப்பும் பீட்டர் கிரைம்சும்' என்னும் பொருள்பற்றிச் சொற்பொழிவாற்றினார். கிராப் பிறந்த ஊரில், கிராப் வெறுத்தும் விட்டு நீங்க மாட்டாதும் எழுதிய கடற்கரையில், அவ்வுரை நிகழ்ந்தது. அதன்பின் பிரிட்டன் தம் அடுத்த பேரோபரா ஒன்றிற்குப் பாடல்நூல் எழுத ஃபார்ஸ்டரையே அழைத்தார். குரோசியருடன் இணைந்து அவர் எழுதிய 'பில்லி பட்' 1951 டிசம்பர் 1ஆம் நாள் கோவென்ட் கார்டனில் மேடையேறியது. ஒரு பேச்சு ஓர் ஓபராவைத் தோற்றுவித்தது. அவ்வோபரா மற்றொரு பேச்சைத் தோற்றுவித்தது. பேசியவரே பின்னர் ஓபராவின் ஆசிரியருள் ஒருவரானார். முன்னுரை வெளிப்பட்ட வாயிலன்று, மனையின் உள்ளறையே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

7. முன்னுரையும் முன்தீர்ப்பும்

இனி, முன்னுரைப் பேச்சில் உள்ள இடர் ஒன்றை ஆராய்தல் வேண்டும். 'பீட்டர் கிரைம்ஸ்' அவ்விடரையே தன் கதையாகக் கொண்டுள்ளது.

கிராப்பின் பாட்டில் கிரைம்ஸ் கொடியவன், தந்தையை இகழ்ந்தவன், தன்னிடம் தொழில் பழக வந்த சிறுவர் மூவரைத் துன்புறுத்திச் சாவிற்கு உள்ளாக்கியவன், இறுதியில் தந்தையும் சிறுவரும் ஆவியுருவில் தன்னை வருத்துவதாகப் பிதற்றி மடிகின்றான். ஓபராவின் கிரைம்ஸ் வேறானவன். திரை விலகும்போது அவன் ஊர் மன்றத்தில் விசாரணைக்கு நிற்கின்றான். கடலில் தன்னுடன் இருந்த சிறுவன் இறந்ததற்குக் காரணம் கேட்கின்றனர். விபத்து என்பதே முடிவு. ஆயினும் ஊராரின் ஐயம் தீரவில்லை. இரண்டாவது சிறுவன் வருகின்றான். ஊரார் பறை முழக்கிக் கிரைம்சின் குடிலை நோக்கி வரும்போது, விரைந்து இறங்கும் சிறுவன் செங்குத்தான பாறையிலிருந்து வீழ்ந்து இறக்கின்றான். குற்றம் யாருடையது? கிரைம்ஸ் முரடன் என்பதில் ஐயமில்லை; ஆனால் கொலைஞனா? ஓபரா விடை கூறவில்லை. இறுதியில் மூடுபனியில் அவன் தன் படகைக் கடலிற் செலுத்தி மூழ்குகின்றான். விடியற்காலையில் படகொன்று மூழ்குவதாகச் செய்தி வருகின்றது; நோக்குவோர் கண்ணுக்கு ஏதும் தென்படவில்லை; அதுவும் ஒரு வதந்தியென விடுத்து ஊர் தன் தொழிலுக்குச் செல்கின்றது.

இக்கதையின் நெஞ்சுப்பகுதி, நேரிற் காணுமுன்னரே தீர்ப்புக் கூறும் ஊரின் கொடுமை. அவ்வாறாயின் இதற்கு முன்னுரை கூறுவோர் நிலை யாது? 'கிரைம்ஸ் கொலைஞன்' என்றோ, 'கிரைம்ஸ் குற்றமற்றவன்' என்றோ அவையோர்க்கு முதலிலேயே சொல்லிவிடும் பேச்சாளர், பறை முழக்கிச் சென்ற ஊராருள் ஒருவராகின்றார். கேட்போர் மேடையில் நிகழும் விசாரணையைத் தாமே கேட்டு, தம் உள்ளம் ஒருபுறம் சாய்வதைத் தாமே கண்டு அஞ்சுதல் வேண்டும். அவ்வச்சமே இவ்வோபராவின் பயன். அதனைப் பறிக்கும் முன்னுரை கதையைத் தெளிவாக்கியிருப்பினும் படைப்பைக் கெடுத்ததாகும்.

இசைவிழாவில் ஃபார்ஸ்டர் இவ்விடரை எவ்வாறு கடந்தார் என்பது கற்கத்தக்கது. பாட்டிற்கும் ஓபராவிற்கும் உள்ள வேறுபாட்டை அவர் மறைக்கவில்லை. தாம் எழுதியிருந்தால் இறந்த சிறுவரின் ஆவிகளைக் கழிமுகத்திலிருந்து எழுப்பியிருப்பதாகவும், தந்தையின் உருவையும் கொணர்ந்திருப்பதாகவும் வெளிப்படக் கூறினார். இசையாசிரியர் வாழும் ஊரில், அவர் விழாவிலேயே, அவர் படைப்பினின்று தாம் வேறுபடும் இடத்தை எடுத்துரைத்தார். ஒரே பொருளை இருவகையில் கொள்ளலாம் என்பதைக் கேட்போர் அறிந்தனர். எதனைக் கொள்வது என்பது அவரவர் உள்ளத்திற்கு விடப்பட்டது. நல்ல உரைகாரன் பாடவேறுபாட்டைக் காட்டித் தன் கோளைக் கூறி, கற்போர்க்கு இடம் விடுவது போன்றது இது.

முன்னுரைக்கு உரிய எல்லையைப் பிறிதொரு நிகழ்ச்சியும் உணர்த்தும். 1931 டிசம்பர் 25ஆம் நாள் நியூயார்க்கு மெட்ரோபாலிடன் ஓபரா, ஹும்பர்டிங்கின் 'ஹேன்சலும் கிரெட்டலும்' என்னும் ஓபராவை முழுமையாக வானொலியில் ஒலிபரப்பியது. கண்ணாற் காணாதார்க்கு உதவுவதாகக் கருதி, டீம்ஸ் டெய்லர் இசை ஒலிக்கும்போதே விளக்கம் கூறினார். கேட்டோர் பலர் முறையிட்டனர். பின்னைய ஒலிபரப்புகளில் விளக்கம் காட்சிகளுக்கு முன்னும் இடைவேளையிலும் அமைந்தது. முன்னுரை தன் இடத்திலிருந்து வழுவின் இரைச்சலாகும். தன் அளவைக் கடப்பின் தீர்ப்பாகும்.

8. மேல்வரியும் அதன்பின்னும்

1983 ஜனவரியில் டொராண்டோ நகரில் கனேடிய ஓபரா நிறுவனம் ரிச்சர்டு ஸ்ட்ராசின் 'எலெக்ட்ரா'வை நிகழ்த்தியபோது, மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பை ஒளியெழுத்தில் காட்டியது. இம்மேல்வரி விரைவிற் பரவியது. நியூயார்க்கு மெட்ரோபாலிடன் 1995இல் ஒவ்வோர் இருக்கையின் முதுகிலும் சிறு திரை அமைத்தது. சாட்லர்ஸ் வெல்ஸ் ஓபராவின் வழித்தோன்றலாகிய ஆங்கில தேசிய ஓபரா, ஆங்கிலத்திற் பாடப்படுவனவற்றிற்கே ஆங்கில மேல்வரியை 2005இல் கொணர்ந்தது, எதிர்ப்பும் எழுந்தது. 1876இன் இருள் பறித்த ஏடு, ஒளியுருவில் திரும்பிற்று எனலாம். தாய்மொழியிலும் பாடற்சொல் அரிது என 1607இல் மாந்துவா அறிந்த உண்மையும் மீண்டும் உறுதிப்பட்டது.

முன்னுரைப் பேச்சின் நோக்கம் பொருள்பெயர்ப்பு ஒன்றேயாயின், மேல்வரி வந்தபின் அஃது ஒழிந்திருத்தல் வேண்டும். ஒழியவில்லை. நூலகங்களிலும் மன்றங்களிலும் கட்டணமின்றி இன்றும் நடைபெறுகின்றது. இதனால் பெறப்படுவது யாது? மேல்வரி நுதலிய பொருளை நொடிதோறும் தருகின்றது; கேட்போரையும் பயனையும் பற்றி அது வாய்திறப்பதில்லை. 'இது நுமக்கும் உரியது' என்று ஒளியெழுத்து கூற மாட்டாது, மாந்தர் கூறுவர். விலை மிகுந்த இருக்கையும், பழகாத அவையும், தவறான இடத்திற் கைதட்டிவிடுவோமோ என்னும் நாணமும் ஓபராவின் வாயிலில் பூட்டாக நிற்கின்றன. கட்டணமில்லாப் பேச்சு அப்பூட்டைத் திறக்கின்றது. நாணமின்றி வினவத்தக்க ஓரிடத்தை அது தருகின்றது.

பிரிட்டன் தம் ஆஸ்பென் உரையில், இசை நிகழ ஆக்குவோர், நிகழ்த்துவோர், கேட்போர் என்னும் மூவரும் வேண்டும் என்றும், கேட்போரும் முன்னேற்பாடும் முயற்சியும் செய்து வருதல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். கேட்போர் மூன்றிலொரு பங்கினர் எனின், அவர்தம் முன்னேற்பாடும் படைப்பின் வரலாற்றில் ஒரு பங்கு பெறுதல் முறையேயாம். 2013இல் பிரிட்டனின் நூற்றாண்டில் 'பீட்டர் கிரைம்ஸ்' ஆல்டுபரோவின் கடற்கரையிலேயே நிகழ்த்தப்பெற்றது. கதை நிகழ்ந்த மணலில் அமர்ந்து கேட்டோர்க்கு அக்கடலே ஒரு முன்னுரையாயிருந்தது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். 1600இல் முன்னுரை மேடையிற் பாடப்பட்டது, 1607இல் அச்சேறியது, 1637இல் வாயிலில் விற்கப்பட்டது, 1711இல் இருமொழி பெற்றது, 1853இல் ஆக்கியோன் வாயாற் படிக்கப்பட்டது, 1876இல் இருளால் வெளியேற்றப்பட்டது, தென்கரையின் மாலை வகுப்புகளில் மக்கள் உடைமையாயிற்று, 1941இல் ஓபரா ஒன்றையே ஈன்றது. வடிவம் மாறினும் ஓபரா முன்னுரையின்றி இருந்த காலம் இல்லை.

அதன் தகுதியை அளக்க மூன்று வினாக்கள் போதும் என்பது எம் கருத்து. கேட்போரை அது மதிக்கின்றதா? இசை தொடங்குமுன் அது நிற்கின்றதா? தீர்ப்பை அவரிடமே விடுகின்றதா? இம்மூன்றற்கும் ஆம் என விடை வருமாயின், நூலகத்தின் மடக்கு நாற்காலிகளில் அமர்ந்து கேட்ட அந்த ஒரு மணி நேரமும் ஓபராவின் ஒரு காட்சியேயாகும். அதனை வரலாற்றில் சேர்த்தெழுதுதல் ஆராய்வோர் கடன்.